கார்ட் ரேஸ் ஓட்ட ஆசை. முதலில் என்ன வண்டி வாங்குவது?

வாடகை கார்ட்டை, அதாவது கூரையில்லாத குட்டிப் பந்தய வண்டியை, பத்துப் பதினைந்து தடவை ஓட்டியிருக்கிறேன், வயது 27, இனி போட்டியில் இறங்க வேண்டும், எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்குங்கள். வண்டி வாங்குவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

நான் தொடங்கியபோது எனக்கு 29 வயது. ஆறு வருடமாக கிளப் போட்டிகளில் ஓட்டுகிறேன். கார்ட் என்றாலே ஃபார்முலா ஒன்னுக்குப் போகிற சிறுவர்களின் ஏணி என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. அயர்டன் சென்னா மூன்று முறை ஃபார்முலா ஒன் பட்டம் வென்றவர். ஆனால் கார்ட் உலகப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1979, 1980 இரண்டு வருடமும் இரண்டாம் இடம்தான். நீங்கள் மிகவும் ரசித்து மோதிய போட்டியாளர் யார் என்று 1993-ல் கேட்டதற்கு, கார்ட் காலத்தில் தன் அணியிலேயே ஓட்டிய டெர்ரி ஃபுல்லர்டனின் பெயரைத்தான் சொன்னார். அதனால் வயதை விட்டுவிடுங்கள். கார்ட் ரேஸ் தன்னளவிலேயே முழுமையான பந்தயம்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஓட்டப்போகும் டிராக்கில் போட்டி நடக்கும் நாளில் போய்ச் சும்மா நில்லுங்கள். எந்தப் பிரிவில் அதிக வண்டிகள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். அதுதான் உங்கள் பிரிவு. சுமார் 30 குதிரைத்திறன் தரும் ரோடாக்ஸ் எஞ்சினில் ஓடும் சீனியர் மேக்ஸ் பிரிவு உங்களை இழுக்கலாம். ஆனால் அங்கே அதில் நான்கு பேர், பிரிக்ஸ் 206 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் பிரிவில் இருபது பேர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 206-க்குப் போங்கள். அதன் திறன் ஒன்பது குதிரைக்குப் பக்கம்தான், ஆனால் எஞ்சின் சீல் வைத்து வருவதால் காசைக் கொட்டி வேகம் கூட்ட வழியில்லை. இருபது பேர் இருக்கும் இடத்தில் பன்னிரண்டாம் இடத்துக்கும் ஒரு சண்டை நடக்கும். நீங்கள் ஓட்டக் கற்பது அந்தச் சண்டையில்தான். அவசரத்துக்கு ஒரு செயினோ ஸ்ப்ராக்கெட்டோ கடன் கிடைப்பதும் அங்கேதான். கியர் உள்ள கேஇசட் வண்டியை முதல் வருடம் தொடவே வேண்டாம்.

வாங்கும்போது பழைய வண்டியே போதும். சேஸிஸை, அதாவது வண்டியின் குழாய்ச் சட்டத்தை, தூக்கி அடிப்பக்கக் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். டிராக் ஓரத்து மேட்டில் (கெர்ப்) உரசி உரசி உருண்டைக் குழாய் தட்டையாகத் தேய்ந்திருந்தால் வேண்டாம். வெல்டிங் இணைப்புகளில், முக்கியமாக சீட்டைத் தாங்கும் இடங்களில், விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ரோடாக்ஸ் என்றால் எஞ்சினின் சீல் எண்ணும் அதன் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். மிச்சமாகும் காசை டயருக்கும் பயிற்சி நாட்களுக்கும் வையுங்கள். புதிதாக வருபவர்கள் பளபளக்கும் சேஸிஸ் வாங்கிவிட்டு, டயர் வாங்கக் காசில்லாமல் மாதம் ஒருமுறை மட்டும் ஓட்டுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

இப்போது ஓட்டுவது பற்றி. நான் அதிக காலம் வீணடித்தது இதில்தான். பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கார்ட்டில் கிடையாது. பின்பக்க இரண்டு சக்கரமும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைந்த தூரம். அப்படியானால் வண்டி திரும்புவது எப்படி? உள்பக்கப் பின் சக்கரம் கொஞ்சம் தரையை விட்டு எழ வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்க முன் சக்கரம் கீழே அழுந்துமாறு முன்பகுதியை அமைத்திருப்பதே அதற்காகத்தான். சஸ்பென்ஷன் இல்லாத வண்டி. சேஸிஸ் குழாய்தான் முறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது.

காரில் பழகிய கை எனக்கு. ஸ்டியரிங்கை மெதுவாக, பூப்போல் திருப்புவேன். வளைவு முடிந்ததும் எஞ்சின் இரைச்சல் அமுங்கி வண்டி மூச்சுத்திணறும். எஞ்சினைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஹேர்பின் எனும் கொண்டை ஊசி வளைவின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பிட்டுக்கு வந்தார். தன் உள்ளங்கையைத் தரைபோல் கவிழ்த்து, கட்டைவிரல் பக்கத்தை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினார். “தம்பி, உன் உள் டயர் எழும்பவே மாட்டேங்குது. பிரேக்கை நேர்க்கோட்டிலேயே முடி. அப்புறம் தயங்காம ஒரே திருப்பு. எழும்பினதும் கையை விடுவிச்சிடு.” அடுத்த செஷனில் அதையே செய்தேன். திருப்பிய கணத்தில் இடுப்புக்குக் கீழே வண்டி லேசானதை முதன்முறையாக உணர்ந்தேன். எஞ்சின் அமுங்கவே இல்லை. லேப் நேரம் அரை வினாடிக்கு மேல் இறங்கியது. எஞ்சினில் ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை.

இதை வாடகை கார்ட்டிலேயே பழகலாம், அதற்காகத்தான் வாங்குவதைத் தள்ளிப்போடச் சொன்னேன். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே சமயத்தில் மிதிக்கக் கூடாது என்பதையும் அங்கேயே பழகிவிடுங்கள். பெரும்பாலான கார்ட்களில் பிரேக் பின் ஆக்சிலில் மட்டும்தான். வளைவுக்குள் போனபிறகு அழுத்தினால் வண்டி சுழன்றுவிடும்.

பாதுகாப்பில் ஹெல்மெட், சூட், கையுறை, ஷூ எல்லாம் விதிப்படி கேட்பார்கள், வாங்கிவிடுவீர்கள். பலர் விட்டுவிடுவது விலா எலும்புக் கவசத்தை. சீட்டின் விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் விலாவில் வந்து இடிக்கும். கவசம் இல்லாமல் ஓட்டி விலா எலும்பில் விரிசல் விட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அதைச் சூட்டுக்கு முன்பே வாங்குங்கள். சீட்டும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், உள்ளே ஆடக் கூடாது.

முதல் போட்டியில் கடைசியிலிருந்து கிளம்பக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். டயர் இன்னும் சூடாகியிருக்காது, முதல் வளைவில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். பின்னாலிருந்து அதைப் பார்ப்பதே நல்ல பாடம். கொடிகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் கொடி ஆடும்போது முந்தக் கூடாது. நீலம் காட்டினால் வேகமாக வருபவர் பின்னால் இருக்கிறார், வழிவிட வேண்டும். ஒவ்வொரு செஷனுக்கும் டயர் காற்றழுத்தம், வெயில், லேப் நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

உங்கள் உயரம், எடை, அருகில் உள்ள டிராக்கில் எந்தப் பிரிவில் கூட்டம் அதிகம் என்பதைக் கருத்தில் எழுதுங்கள். சீட் அளவும், பிரிவின் குறைந்தபட்ச எடையை எட்ட வண்டியில் ஈயம் கட்ட வேண்டியிருக்குமா என்பதும் அதைப் பார்த்துச் சொல்கிறேன்.