மூன்று நாள் விட்டுப்போன குளோசபின்: பழைய அளவையே தொடரலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய்க்காக இரண்டு ஆண்டுகளாகத் தினமும் இரவில் குளோசபின் 300 மில்லிகிராம் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறான். வெளியூர் போன இடத்தில் மூன்று நாள் மாத்திரை சாப்பிடவில்லை. பழைய அளவையே கொடுக்கலாமா? இன்னும் ரத்தப் பரிசோதனை தேவையா? சிகரெட்டையும் விடப்போவதாகச் சொல்கிறான்.

பதில்: பழைய அளவைக் கொடுக்க வேண்டாம். விட்டுப்போனதையும் சேர்த்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து. கடைசி மாத்திரை சாப்பிட்டு 48 மணி நேரம் கடந்துவிட்டால், இம்மருந்தைத் தாங்கும் பழக்கத்தை உடல் இழந்துவிடுகிறது. அதன்பின் ஒரே வேளையில் 300 மில்லிகிராம் உள்ளே போனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம், வலிப்பு வரலாம். அரிதாக இதயத்துடிப்பும் மூச்சும் நின்றுபோனதும் உண்டு. எனவே 12.5 மில்லிகிராமில், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதியில் தொடங்கி, அவருடைய மனநல மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட மருந்து என்பதால் இம்முறை சற்று விரைவாகவே பழைய அளவை எட்டலாம். ஆனால் அந்த வேகத்தை வீட்டில் தீர்மானிக்காதீர்கள். திடீரென நின்ற மருந்தால் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால் மருத்துவரை இன்றே தொடர்புகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை இரவு 9 மணிக்குக் கடைசி மாத்திரை என்றால், புதன்கிழமை இரவு 9 மணியோடு அந்த 48 மணி நேரக் கெடு முடிகிறது. என்னிடம் வரும் குடும்பத்தாரிடம், மாத்திரை அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகத் தேதியைப் பேனாவால் எழுதி வைக்கச் சொல்வேன். பிரிக்காமல் எஞ்சியிருக்கும் மாத்திரையே விட்டுப்போன நாளைக் காட்டிவிடும். சாப்பிட்டாயா இல்லையா என்று நோயாளியைக் குடைய வேண்டியதில்லை.

ரத்தப் பரிசோதனை அவசியம் தேவை. கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள், நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு, இம்மருந்தால் அபாயகரமாகக் குறைந்துவிடுகின்றன. 1975இல் பின்லாந்தில் இவ்வாறு எட்டுப் பேர் இறந்ததாகத் தெரியவந்தபின் பல நாடுகளில் இது கைவிடப்பட்டது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளில், குளோர்புரோமசின் என்ற பழைய மருந்தில் 4 சதவீதத்தினரும் குளோசபினில் 30 சதவீதத்தினரும் தேறியதை 1988இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகுதான், ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. முதல் 18 வாரங்களில்தான் அபாயம் மிக அதிகம்; உங்கள் தம்பி அதைக் கடந்துவிட்டார். ஆயினும் குறித்த இடைவெளியில் பரிசோதனை தொடரட்டும். மூன்று நாள் மாத்திரை விட்டுப்போனதன் காரணமாகச் சில வாரங்களுக்கு அடிக்கடி செய்ய நேரலாம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், பாராசிட்டமாலோடு விட்டுவிடாமல் அன்றே அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

சிகரெட்டை விடுவது மிக நல்ல முடிவு. மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடட்டும். புகையில் உள்ள பொருட்கள், குளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டுதல் குறைவதால், அதே மாத்திரை அளவிலேயே ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து கணிசமாக ஏறி, மிகுந்த தூக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும்கூட உண்டாகலாம். இதற்குக் காரணம் நிகோட்டின் அல்ல என்பதால், நிகோட்டின் சூயிங்கம் மெல்பவருக்கும் இதே கவனம் தேவை. மருந்தளவைக் குறைப்பதா, எவ்வளவு குறைப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மலச்சிக்கலைப் பலர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். இம்மருந்து குடலின் அசைவையே மந்தமாக்குவதால், கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் மலம் கழிகிறதா என்று தம்பியிடம் நேரடியாகவே கேளுங்கள். சிக்கல் தொடங்கியதுமே மலமிளக்கிக்கு மருத்துவரை அணுகுங்கள். வயிறு உப்பி, வலியோடு வாந்தியும் வந்தால் மறுநாள் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, குளோசபின் சாப்பிடுபவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.