உள்முக சுபாவம் உள்ளவர்களுக்குக் கவனம் கூடுதலா? இதை எப்படி ஆராய்வது?

நீங்கள் சொல்லும் திட்டம் இதுதானே: நூறு மாணவர்களிடம் ஓர் ஆளுமை வினாத்தாளைக் கொடுக்கிறீர்கள், கணினியில் கவனத்தை அளக்கும் ஸ்ட்ரூப் சோதனை வைக்கிறீர்கள், பிறகு இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடையே ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) பார்க்கிறீர்கள். போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. இந்த மாதிரித் தரவை அலசுவதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்கள் தங்களைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதுவார்களா என்று வினாத்தாளைத்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். நியாயம்தான். ஆனால் ஆளுமையின் ஐம்பெரும் பண்புகளை (உள்முகம்-வெளிமுகம் அவற்றில் ஒன்று) அளக்கும் நல்ல வினாத்தாளைச் சில வாரம் கழித்து அதே ஆளிடம் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண்தான் வரும். நம்பகத்தன்மை, அதாவது மதிப்பெண் எவ்வளவு நிலையாக வருகிறது என்ற அளவு (1 என்றால் முழு நிலைத்தன்மை), 0.8 பக்கம் நிற்கும். ஓட்டை இருப்பது கணினிப் பக்கம்.

1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட அந்தச் சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில் இருக்கும், மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட எல்லாருமே தடுமாறுவார்கள். சோதனை உளவியலாளருக்கு அது கொண்டாட்டம். உங்களுக்கோ அதுதான் தலைவலி, ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது ஆளுக்கு ஆள் வேறுபாடு. எல்லாரும் ஒரே அளவில் தடுமாறினால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? உளவியல் ஆய்வாளர் ஹெட்ஜின் குழுவினர் 2018இல் இதைத்தான் காட்டினார்கள்: ஆய்வுக்கூடத்தில் தவறாமல் வேலை செய்யும் சோதனைகளே, தனிநபர் வேறுபாட்டை அளக்கும்போது சொதப்புகின்றன.

கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒருவருக்கு நிறமும் சொல்லும் ஒத்துப்போகும்போது சராசரி 620 மில்லி விநாடி, முரண்படும்போது 700. வித்தியாசம் 80. ஆனால் அதே ஆளின் விடை நேரம் ஒவ்வொரு முறையும் 150 மில்லி விநாடி திட்ட விலக்கத்தோடு (சராசரியிலிருந்து விலகும் வழக்கமான அளவு) ஆடுகிறது. வகைக்கு 20 சொற்கள் கொடுத்தால், அந்த 80இன் திட்டப் பிழை, அதாவது அது தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பது, சுமார் 47. மக்களுக்கு இடையே உண்மையில் இருக்கும் வேறுபாட்டின் திட்ட விலக்கமே 25தான் என்றால், நம்பகத்தன்மை 0.22க்கு இறங்கிவிடும். உண்மைத் தொடர்பு (ஒட்டுறவு) 0.30 ஆக இருந்தாலும், வினாத்தாளின் 0.8ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் உங்கள் கையில் கிடைப்பது 0.13தான். அளவீட்டுப் பிழை தொடர்பை இப்படித் தேய்த்துவிடும் என்று உளவியலாளர் ஸ்பியர்மன் 1904லேயே சொல்லிவிட்டார், நாம்தான் மறந்துவிடுகிறோம். வகைக்கு 200 சொற்கள் கொடுங்கள்: நம்பகத்தன்மை 0.74க்கு ஏறும், தொடர்பு 0.23 ஆகத் தெரியும். அதைப் பிடிக்க ஏறத்தாழ 150 பேர் போதும். வகைக்கு 20 சொற்கள் மட்டும் என்றால் 500 பேர் அளவுக்குத் தேவைப்படும். ஆள் பிடிக்க அலைவதைவிடச் சோதனையை நீட்டுவது மலிவு. நடுவில் இடைவேளை மட்டும் விடுங்கள், இல்லையென்றால் கவனத்துக்குப் பதில் சலிப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்.

சரி, அளவீடு தேறிவிட்டது என்று வைப்போம். அப்போதும் வெறும் ஒட்டுறவு எனக்குத் திருப்தி தராது. சூழலை மாற்றிப் பார்க்கும் உளவியலும் ஆட்களை ஒப்பிடும் உளவியலும் தனித்தனியே நடக்கின்றன, இரண்டும் சேர வேண்டும் என்று உளவியலாளர் க்ரான்பாக் 1957இல் எழுதினார். சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆளுமை ஆய்வாளர் ரெவலும் கூட்டாளிகளும் 1980இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். காஃபீன் கொடுத்துச் சொற்திறன் தேர்வு வைத்தார்கள். காலையில், யோசிக்காமல் சட்டென்று செயல்படும் சுபாவம் உள்ளவர்களுக்குக் காஃபீன் உதவியது, நிதானக்காரர்களைக் கெடுத்தது. மாலையில் அப்படியே தலைகீழ். காலை, மாலை, காஃபீன் இருந்தது, இல்லாதது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஓர் ஒட்டுறவு எடுத்திருந்தால், ஆளுமைக்கும் திறனுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அதனால் யாரை எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள் என்பதையாவது குறித்துவையுங்கள். கடைசியாகக் காஃபீன் குடித்தது எப்போது, எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்றும் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. சோதனைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆட்களை ஒப்பிடும் ஆய்வில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே வரிசை வைப்பதே மேல். இல்லையென்றால் வரிசையால் வந்த வேறுபாடும் ஆளின் மதிப்பெண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

தயவுசெய்து ஆளுமை மதிப்பெண்ணை இடைநிலை எண்ணில் (பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே வரும் இடத்தில்) வெட்டி ‘உள்முகர்’, ‘வெளிமுகர்’ என்று இரண்டு கூட்டமாக்கி ஒப்பிடாதீர்கள். பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். அப்படி வெட்டுவது, வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைத் திருப்பி அனுப்பியதற்குச் சமம். மதிப்பெண்ணை அப்படியே வைத்துத் தொடர்போக்குப் பகுப்பாய்வு (ரிக்ரெஷன்: ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) செய்யுங்கள்.

ஒரே ஆளை இருமுறை வரவழைக்க உங்களுக்கு வசதி இருக்கிறதா? இருந்தால் முதலில் முப்பது, நாற்பது பேரை மட்டும் இரண்டு வார இடைவெளியில் இருமுறை சோதித்து, ஸ்ட்ரூப் மதிப்பெண் எவ்வளவு நிலைக்கிறது என்று பாருங்கள். 0.5க்குக் கீழே வந்தால் வேறு சோதனைக்கு மாறிவிடலாம், மிச்சப் பேரைக் கூப்பிடுவதற்கு முன்பே.