பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அமெரிக்காவுக்கு அழைப்பது: கேள்வி பதில்

கேள்வி (மேற்கு மாம்பலம்): எங்கள் மூத்த மகன் அமெரிக்கக் குடிமகன். என்னையும் என் மனைவியையும் அழைக்க ஒரே மனு போதுமா? 19 வயதாகும் இளைய மகனும் எங்களுடனேயே வரலாமா?

பதில்: போதாது. 21 வயது நிரம்பிய மகன், தந்தைக்கு ஒன்றும் தாய்க்கு ஒன்றுமாக உறவினரை அழைப்பதற்கான ஐ-130 மனுக்கள் இரண்டு தாக்கல் செய்ய வேண்டும். குடிமக்களின் பெற்றோருக்கான விசா எண்ணிக்கைக்கு ஆண்டு வரம்பு இல்லை. ஆகவே வரிசையும் இல்லை. ஆனால் இந்தப் பிரிவில் பிள்ளைகளை உடன் சேர்த்துக்கொள்ள இடமில்லை. நீங்கள் நிரந்தர வசிப்பு அனுமதியான க்ரீன் கார்டு பெற்ற பிறகு, இளைய மகனுக்காக நீங்களே தனியாக மனுச் செய்ய வேண்டும்.

கேள்வி (பெரம்பூர்): அமெரிக்கக் குடிமகளான என் அக்காள் எனக்காக மனுச் செய்ய இருக்கிறார். அவருடைய சான்றிதழில் தந்தை பெயர் ‘சுப்பிரமணியன்’, என்னுடையதில் ‘மணி’. என் பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை. இது தடையாகுமா?

பதில்: தடையாகக்கூடும், நம் ஊர்க் கோப்புகள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றன. உடன்பிறந்தோர் மனுவில் நிறுவ வேண்டியது ஒன்றே: இருவருக்கும் பொதுவான தாயோ தந்தையோ உண்டு என்பது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் இனிஷியலாகச் சுருங்கி, கடவுச்சீட்டில் ஒருவருக்கு விரிந்தும் மற்றவருக்கு விரியாமலும் நிற்கிறது. ‘சு’ என்னும் எழுத்தும் ‘மணி’ என்னும் சுருக்கமும் ‘சுப்பிரமணியன்’ என்னும் பெயரும் ஒரே மனிதரைக் குறிக்கும் என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். அங்குள்ள அதிகாரிக்கு விளங்காது. முதலில் மாநகராட்சியில் விண்ணப்பித்து, இயலுமானால் பிறப்புப் பதிவில் உங்கள் பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்குங்கள். பிறகு இருவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், பழைய குடும்ப அட்டை, தந்தையின் பணிப்பதிவேடு ஆகியவற்றைத் திரட்டி, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று குடும்பத்தை நெடுங்காலம் அறிந்த மூத்த உறவினர் இருவரிடம் நோட்டரி முன்னிலையில் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) பெறுங்கள். பிறப்புப் பதிவே செய்யப்படாதவர்கள், பதிவு இல்லை என்று பதிவாளர் தரும் சான்றையும் இணைக்க வேண்டும். தாயின் பெயர் இரு சான்றிதழ்களிலும் ஒன்றாக இருந்தால், அதுவே உங்களுக்குப் பெரிய துணை.

இத்தனையும் செய்த பின்னும் காத்திருப்பு நீளம். உடன்பிறந்தோர் பிரிவுக்கு உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 விசாக்களே. ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பும் உண்டு. இந்தியர்களுக்கு 18 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மனு சென்று சேர்ந்த நாளே வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி என்பதால், தாக்கலைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர்): க்ரீன் கார்டு வைத்திருக்கும் என் கணவர் எங்கள் 24 வயது மகளுக்கு மனுச் செய்திருக்கிறார். வரும் ஆவணியில் அவளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். மனுவுக்குப் பாதிப்பு வருமா?

பதில்: அம்மா, முகூர்த்தத்துக்கு முன்பே இதைக் கேட்டது நல்லதாயிற்று. க்ரீன் கார்டு மட்டும் உடையவரின் பிள்ளைக்குத் திருமணமானால் அந்த மனு செல்லாததாகிவிடும். மணமான பிள்ளைகளுக்கு க்ரீன் கார்டு உடையோர் மனுச் செய்யும் பிரிவே கிடையாது. உங்கள் கணவர் முன்னதாகக் குடியுரிமை பெற்றுவிட்டால், திருமணத்துக்குப் பின் மனு வேறொரு பிரிவுக்கு மாறித் தொடரும், வரிசைதான் நீளும். திருமணத்தை மறைக்க மட்டும் எண்ணாதீர்கள்.

கேள்வி (வேளச்சேரி): ஸ்பான்சர் செய்பவர் எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்? அந்தப் பொறுப்பு எப்போது முடியும்?

பதில்: வருபவரைத் தாம் பராமரிப்பதாக ஸ்பான்சர் உறுதி தரும் ஐ-864 படிவத்தில், தம் குடும்பத்தாரையும் வருபவரையும் சேர்த்து எண்ணி, அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடு காட்ட வேண்டும். குறைந்தால் கூட்டு ஸ்பான்சர் ஒருவரைச் சேர்க்கலாம். வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் பத்தாண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும் வரை பொறுப்பு தொடரும். மணமுறிவுகூட அதைத் தீர்க்காது.

கேள்வி (மயிலாப்பூர்): நேர்காணல் ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள தூதரகத்தில்தானே? க்ரீன் கார்டு பெற்ற பின், மார்கழி சீசனையும் சேர்த்து ஆண்டில் எட்டு மாதம் இங்கேயே இருக்க நினைக்கிறேன்.

பதில்: குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் மும்பையில் நடைபெறுகிறது. ஐயா, எட்டு மாதம் இங்கே என்றால் உங்களுக்கு க்ரீன் கார்டு பொருந்தாது என்பது என் கருத்து. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தாலே திரும்பும்போது கேள்வி எழும்; ஆண்டுதோறும் அதுவே வழக்கமானால், அங்கே நிலையாக வாழவில்லை என்று அதிகாரி முடிவு செய்யலாம். 65 வயதுக்கு மேல் புதிதாகக் குடியேறுவோர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைக் கட்டணம் செலுத்திப் பெற முடியும். பேரப்பிள்ளைகளைப் பார்த்து வருவதற்குச் சுற்றுலா விசாவே போதும்.