மாமா தரும் பழைய கார்: பேர் மாற்றாமல் ஓட்டலாமா?

கேள்வி: என் தாய்மாமாவுக்கு 71 வயது. இனி ஓட்டப் போவதில்லை என்று தன் 13 வருடப் பெட்ரோல் காரை எனக்குச் சும்மாவே தருகிறார். "நமக்குள்ள எதுக்குப் பேர் மாத்தணும்? என் பேர்லயே இருக்கட்டும், நீ ஓட்டு" என்கிறார். கடன் எப்போதோ அடைந்துவிட்டதாம்; ஆனால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. இன்சூரன்ஸ் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பெயருக்கு மாற்றித்தான். மாமா பிரியமாகச் சொல்லும் அந்த யோசனையில் முதலில் மாட்டப்போவது அவரேதான்.

மோட்டார் வாகனச் சட்டம் (1988) பிரிவு 2(30)-ன்படி, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் வழக்கில் வண்டி பலர் கை மாறியிருந்தது. ஆனாலும் பதிவில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளை நீங்கள் ஓட்டிப்போய் யார் மீதாவது மோதினால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் மாமா வீட்டுக்கும் போகும். இ-செலானும் அவர் பெயரில்தான் விழும்.

உங்களுக்கு வரும் சிக்கல் வேறு. மாமா காலமாகிவிட்டால், அவர் பெயரில் உள்ள காரை அவருடைய வாரிசுகள் கேட்கலாம். அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரப்பதிவு கட்டாயமில்லை, கையில் ஒப்படைத்தாலே போதும் (சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 123). ஆனால் "ஓட்டத்தான் கொடுத்தார், உனக்கே கொடுக்கவில்லை" என்று யாராவது சொன்னால், தானம்தான் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். அதனால் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள்: தேதி, பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண், பணம் வாங்காமல் தானமாகத் தருகிறேன் என்ற வரி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள்.

அந்தக் கடிதத்தில் "கடைசிவரை என்னைப் பார்த்துக்கொள்வான் என்பதால்" என்பது போன்ற வரியைச் சம்பிரதாயத்துக்காகச் சேர்க்காதீர்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) பிரிவு 23-ன்படி, அப்படி ஒரு நிபந்தனையோடு கொடுத்து நீங்கள் அதை நிறைவேற்றவில்லை என்றால் தானமே செல்லாது என்று அந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம் அறிவிக்க முடியும். உண்மையிலேயே அதுதான் உங்களுக்குள் உள்ள ஏற்பாடு என்றால், தாராளமாக எழுதுங்கள்.

அடுத்தது வங்கி. கடன் அடைந்தாலும் ஆர்.சி.யில் உள்ள ஹைப்பாதிகேஷன் (வண்டி வங்கிக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு) தானாக நீங்காது. அது இருக்கும்வரை, வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றத்தைப் பதிய முடியாது (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 51). மாமா வங்கிக்குப் போய் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), அந்தப் பதிவை நீக்குவதற்கான, வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்க வேண்டும். அந்த வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கியிடம் கேட்க வேண்டும். பீரோவில் கிடக்கும் பழைய என்.ஓ.சி.யை நம்பாமல் புதிதாக வாங்குவதே நல்லது.

பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 (இரண்டு பிரதி), படிவம் 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்தால் மாமாவுக்கு 45 நாள். படிவம் 28 வழியாக ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும் தேவை. "கையெழுத்துப் போட்டு வைக்கிறேன், நீ எப்போ வேணா குடு" என்று தேதியில்லாத படிவத்தை மாமா நீட்டினால் வாங்காதீர்கள். பெயர் மாற்றம் வருடக்கணக்கில் கிடப்பில் போவது பெரும்பாலும் இப்படித்தான். நிலுவையில் உள்ள செலான்களைக் கட்டிவிடுங்கள். வண்டியில் பொறித்த சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, பின்னால் பொருத்திய கேஸ் கிட் இருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்சூரன்ஸ் ஐந்து மாதம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 157-ன்படி மூன்றாம் நபர் காப்பு (வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கானது) வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பு அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாமாவின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு நின்றுவிடும். மிச்ச மாதங்களுக்கான பிரீமிய வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஓட்டும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பும் உங்கள் பெயரில் புதிதாகச் சேரட்டும்.

இந்தத் தானத்துக்கு வருமான வரி இல்லை.

சும்மா வரும் காரா என்பதையும் யோசியுங்கள். பதிவு 15 வருடத்துக்கு. உங்களுக்கு மிஞ்சுவது சுமார் இரண்டு வருடம். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால்தான் ஐந்து வருடம் நீட்டிப்பார்கள். துரு, பிரேக், புகை எல்லாவற்றையும் இப்போதே ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் செலவு கட்டுப்படியாகாது என்றால் மாமாவே விற்றுக்கொள்ளட்டும். கட்டுப்படியாகும் என்றாலும், வங்கியின் படிவம் 35 கைக்கு வரும்வரை சாவி மாமாவிடமே இருக்கட்டும்.