பதில்: பீட்டன்போல் ரிப்பில் பிளைவூட் கழருது

கிளாம்பைத் தளர்த்துங்கள். வீட்டில் கட்டும் பீட்டன்போல் என்ற இருவர் ஏறும் மர விமானத்தில், ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) மூட்டை எபொக்சியால் (இரண்டு பகுதி கலந்து ஒட்டும் பசை) ஒட்டி, முடிந்தமட்டும் இறுக்கியும் பிளைவூட் கையோடு வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த இறுக்கம்தான் காரணம். எபொக்சிக்கு இரண்டு முகமும் தொட்டபடி அசையாமல் நின்றால் போதும். கூட இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கிவிடும். பலமாக இறுக்குவது ரெசோர்சினோல் பசைக்குச் சரி, இதற்கில்லை.

கழன்ற துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மரம் வறண்டு, பசை அங்கங்கே மட்டும் ஒட்டியிருந்தால் நான் சொன்னதுதான். ஒரு பக்கம் பசை கண்ணாடி மாதிரி மினுங்கி மறுபக்கம் துப்புரவாக இருந்தால், பிளைவூட்டின் வழுவழுப்பை நீங்கள் எடுக்கவில்லை. 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் உரசி, தூசி தட்டி ஒட்டுங்கள். கிளிநொச்சி மாரியில் ஈரக்காற்றும் பசையைக் கெடுக்கும்; மழை நாளில் கலக்க வேண்டாம்.

ஒவ்வொரு கலவையிலும் ஒரு மாதிரித் துண்டு ஒட்டி வையுங்கள். நன்றாக இறுகிய பிறகு உளியால் பிளவுங்கள். மரநார் கிழிய வேண்டும். பசைக் கோட்டிலேயே பிரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டிய ரிப் அத்தனையும் கழிவுதான். மனம் வராது, ஆனாலும் எறியுங்கள். இரண்டு உயிர் அதில் ஏறப்போகிறது.

ஒன்று கவனம்: எபொக்சி சூட்டில் இளகும். வன்னி வெயிலில் நிற்கப்போகும் இறக்கைக்கு வெள்ளை நிறம்தான் பூச வேண்டும்.

ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முக்கியச் சட்டத்துக்கு, முதிரை மரம் வேண்டாம். விமானச் சட்டத்துக்கு வழக்கமான ஸ்ப்ரூஸ் மரத்தைவிட இரண்டு மடங்கு பாரம்.