லீட் ஆடிட்டரா, எம்.எஸ்சி.யா, நெபோஷா?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, சாயப்பட்டறை ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 6 வருடமாக கெமிஸ்ட்டாக இருக்கிறேன். சுற்றுச்சூழல் மேனேஜர் ஆக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 14001 (சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை) லீட் ஆடிட்டர் படிப்பதா, எம்.எஸ்சி. சேருவதா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தொழிற்சாலைக்குள்ளேயே மேனேஜர் ஆவதுதான் நோக்கம் என்றால் லீட் ஆடிட்டர் போதும். பணம் கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 5 நாள் வகுப்பு முடித்து, தேர்வில் தேறினால் கிடைப்பது பயிற்சியை முடித்ததற்கான சான்று மட்டுமே. ஆடிட்டராகப் பதிவு பெற, நிஜ ஆடிட்களில் பங்கேற்ற கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டும். வகுப்புக்கு சி.க்யூ.ஐ.-ஐ.ஆர்.சி.ஏ. அல்லது எக்ஸம்ப்ளர் குளோபல் என்ற ஆடிட்டர் பதிவு அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் 'சர்வதேச சான்றிதழ்' என்று விற்பவை சுவரில் மாட்டத்தான் உதவும். ஐ.எஸ்.ஓ. 14001-க்கு வந்த 2024 பிப்ரவரித் திருத்தம் பருவநிலை மாற்றத்தை 4.1, 4.2 பிரிவுகளில் சேர்த்துவிட்டதால், பழைய நோட்ஸை நம்பி உட்காராதீர்கள்.

தேர்வில் பலர் வழுக்குவது 'நான்-கன்ஃபார்மிட்டி' (தரநிலையின் நிபந்தனை மீறப்பட்டதற்கான குறிப்பு) எழுதும் இடத்தில். "ஃப்ளோ மீட்டர் பராமரிப்பு சரியில்லை" என்று எழுதினால் அது வெறும் அபிப்பிராயம். "ஆர்.ஓ. ரிஜெக்ட் லைன் ஃப்ளோ மீட்டரின் காலிபரேஷன் மார்ச் 31-ல் காலாவதி. ஜூன் 12 வரை அதே மீட்டரின் ரீடிங் லாக் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அளவிடும் கருவி காலிபரேட் செய்யப்பட்டோ சரிபார்க்கப்பட்டோ இருக்க வேண்டும் என்ற 9.1.1 பிரிவுக்கு இது முரண்." இப்படி எழுத வேண்டும். ஆதாரம், நிபந்தனை, மீறல் மூன்றில் ஒன்று குறைந்தாலும் மார்க் போகும். இன்னொரு குழப்பம் ஆஸ்பெக்ட் (சூழலைத் தொடும் செயல்), இம்பேக்ட் (அதனால் சூழலில் வரும் மாற்றம்). சாயத்தொட்டியின் உப்புநீர் வெளியேறுவது ஆஸ்பெக்ட். நொய்யல் கரைக் கிணறுகளில் உப்பு ஏறுவது இம்பேக்ட். தினமும் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) பார்க்கிற உங்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் முதலாளி உங்களை எடைபோடுவது வேறு தராசில். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை மறக்காத ஊர் அது. மாசுக் கட்டுப்பாட்டு போர்டு அதிகாரி வந்தால் ஃபைலோடு எதிரே உட்காரப்போவது யார் என்றுதான் பார்ப்பார்கள். எனவே வகுப்புக்கு முன்பே கன்சென்ட் (ஆலை இயங்க போர்டு தரும் அனுமதி) புதுப்பித்தல், ஜூன் 30-க்குள் போக வேண்டிய அபாயக் கழிவு ஆண்டறிக்கை (படிவம் 4), செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை (படிவம் 5), ஸ்லட்ஜ் (சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறு) லாரியோடு போகும் மேனிஃபெஸ்ட் என்ற அனுப்புச் சீட்டு (படிவம் 10) ஆகியவற்றை ஒரு வருடம் நீங்களே கையில் எடுங்கள். ஸ்லட்ஜ் எடைச்சீட்டும் மேனிஃபெஸ்ட்டும் படிவம் 4-ம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் சாதாரணமாக மாட்டிக்கொள்ளும் இடம். ஏற்றுமதி நிறுவனம் என்றால் இசட்.டி.எச்.சி. (ஆடைத் துறையில் அபாய ரசாயனங்களை ஒழிக்கும் திட்டம்) கழிவுநீர்ப் பரிசோதனை, ஹிக் எஃப்.இ.எம். (ஆலையின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை அளக்கும் கேள்விப்பட்டியல்) பதிவேற்றம் இரண்டையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். இன்டர்வியூவில் இவைதான் பேசும்.

எம்.எஸ்சி. எப்போது? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் கன்சல்டன்சிக்கு மாறும் எண்ணம் இருந்தால். அங்கே நேபெட் (கன்சல்டன்சிகளைத் தரம் பார்த்து அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரத்துக்கு ஒவ்வொரு துறை நிபுணரின் பட்டத்தையும் அனுபவ ஆண்டுகளையும் கணக்கில் எடுக்கிறார்கள். தொலைதூரக் கல்வி என்றால், அந்தப் பாடம் அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. 2025 ஆகஸ்ட்டில் வந்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளின் கீழ், தகுதி-அனுபவப் பரிசீலனை அல்லது தேசியத் தேர்வு வழியாகச் சான்று பெற்ற தணிக்கையாளர் ஆகலாம். அந்த அறிவிப்புகள் மீதும் ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: வளைகுடாவில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். நெபோஷ் (பிரிட்டிஷ் தேர்வு அமைப்பு) தரும் ஐ.ஜி.சி. சான்றிதழ் வைத்திருக்கிறேன். சுற்றுச்சூழல் வேலைக்கு அது போதுமா?
– வாசகர், துபாய்

பதில்: போதாது, ஐ.ஜி.சி. பாதுகாப்புக்கானது. நெபோஷிலேயே சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழ் தனியாக இருக்கிறது: புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு ஒன்று, பணியிடத்தை ஆய்ந்து எழுதும் செய்முறை அறிக்கை ஒன்று. கொடுத்த சூழலை விட்டுவிட்டுப் பாடப்புத்தக வரிகளை அப்படியே இறக்கி வைப்பவர்கள்தான் இதில் தோற்கிறார்கள். கேள்வியில் டீசல் டேங்க்கைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பண்ட் சுவரில் விரிசல் என்றிருந்தால், பதிலும் அந்த விரிசலைப் பற்றியே இருக்க வேண்டும்.