பேலியோவா, விரதமா, அளவுச் சாப்பாடா? எடைக் குறைப்பு கேள்வி பதில்

கேள்வி: வயது 41, உயரம் 170 செ.மீ., எடை 88 கிலோ. ஆபீஸில் ஒருவர் பேலியோவில் (அரிசி, கோதுமை, சர்க்கரையை விட்டு முட்டை, இறைச்சி, கொட்டை, காய் என்று சாப்பிடும் முறை) இளைத்தார், இன்னொருவர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டே இளைத்தார். எது சிறந்தது மேடம்?

இருவருமே இளைத்திருக்கிறார்களே, பதில் அதிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவைக் கொழுப்பு குறைந்த உணவும் இன்னொரு குழுவை மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு சாப்பிடச் சொன்னார்கள். முடிவு 2018-ல் வெளியானது. சராசரியாகக் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6.0 கிலோ இறங்கியது. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 20 கிலோவுக்கு மேல் இறங்கியவரும் உண்டு, எடை ஏறியவரும் உண்டு. மரபணுவையும் இன்சுலின் சுரப்பையும் வைத்து யாருக்கு எது பொருந்தும் என்று கணிக்க முடியுமா என்றும் பார்த்தார்கள், முடியவில்லை. டி.என்.ஏ. பார்த்து டயட் சொல்கிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

நான் முதலில் கேட்பது மூன்று. என்ன மாத்திரை போடுகிறீர்கள்? பசி எப்போது தாங்க முடியாமல் வருகிறது? வீட்டில் சமைப்பது யார், யாருக்கெல்லாம்? காலையில் பசியே எடுக்காதவருக்கு 12 மணிக்கு முதல் சாப்பாடு, 8 மணிக்குக் கடைசிச் சாப்பாடு என்ற முறை சுலபமாகப் படியும். காலை 8 மணிக்கே கை நடுங்குபவர் அதையே செய்தால் 4 மணிக்கு பஜ்ஜிக் கடையில்தான் நிற்பார். சோறு இல்லாமல் இரண்டு நாள் ஓட்ட முடியாதவருக்கு பேலியோ வேண்டாம். அளவு குறைத்த சோறே போதும்.

எதை எடுத்தாலும் நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள். காலையில் கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் நல்ல வேகம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே டேப் வைத்து இடுப்பளவையும் எழுதுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

கேள்வி: எட்டு வருடமாக சுகர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃபுளோசின் மூன்றும் போடுகிறேன். நாளையிலிருந்து பேலியோ ஆரம்பிக்கலாமா?

நாளையிலிருந்து வேண்டாம். முதலில் மாத்திரை எழுதிய டாக்டரைப் பாருங்கள். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சோற்றைக் குறைத்தாலோ ஒரு வேளை விட்டாலோ சுகர் 70-க்குக் கீழே விழலாம்: வியர்வை, படபடப்பு, தலைசுற்றல். டாபாகிளிஃபுளோசின், அதே வகை மாத்திரையான எம்பாகிளிஃபுளோசின் இரண்டும் இன்னொரு விதச் சிக்கல். மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டும்போது இவை உடலில் இருந்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறலாம். அப்போது சுகர் 200-க்குள்ளேயே இருக்கலாம் என்பதால் வீட்டு மீட்டரைப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு இந்த இரண்டு ஆபத்தும் மிகக் குறைவு. இன்சுலின் ஊசி போடுபவர் டோஸை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்காமல் எந்த டயட்டும் தொடங்கக் கூடாது. பி.பி. மாத்திரை போடுபவர்களும் எடை இறங்கும்போது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். மருந்தளவு அதிகமாகி இருக்கலாம்.

கேள்வி: சுத்த சைவம், முட்டையும் இல்லை. 72 கிலோ, 155 செ.மீ. தினமும் சாம்பார், ரசம், பொரியல்தான். டயட் என்று எதை எடுத்தாலும் ஒரு மாதத்தில் முடி கொட்டுகிறது, சோர்வு.

சாம்பாரை நம்பியதுதான் கோளாறு. நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம்தான். உங்களுக்கு நாளைக்கு 65 கிராம் அளவில் தேவை. இப்படிச் சேர்த்துப் பாருங்கள்: 100 கிராம் பனீர் (18 கிராம் புரதம்), காய்ந்த சோயா உருண்டை 30 கிராம் (15), 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்த சுண்டல் (10), கெட்டியாக வேகவைத்த பருப்பு 40 கிராம் (9), தயிர் ஒரு கிண்ணம் (6), பால் ஒரு டம்ளர் (6). கூட்டினால் 64. இதற்கே சுமார் 950 கலோரி ஆகிவிடும். நாளைக்கு 1400 கலோரிக்குள் நிற்க வேண்டுமென்றால் மிச்சம் 450: வெந்த சோறு 150 கிராம், எண்ணெய் நாள் முழுக்க 3 தேக்கரண்டி, மீதி காய்.

எண்ணெயில்தான் கணக்கு தப்பும். ஒரு தேக்கரண்டி 45 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் வாழைக்காய் வறுவலுக்கு மட்டும் நாலைந்து தேக்கரண்டி போய்விடும். உங்கள் பங்கை அளந்து தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சமையுங்கள். சோயாவைச் சுடுதண்ணீரில் போட்டு இரண்டு முறை பிழிந்தால் அந்த வாடை போகும். முடி கொட்டுவதற்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, டி.எஸ்.ஹெச். (தைராய்டு) நான்கையும் பார்த்துவிடுங்கள், எல்லாப் பழியையும் டயட் மேல் போட முடியாது.

கேள்வி: பேலியோவில் மூன்று மாதம். முதல் வாரம் 4 கிலோ, பிறகு மெதுவாக, இப்போது ஆறு வாரமாக அசையவில்லை. காலை 100 பாதாம், மதியம் 4 முட்டை, இரவு சிக்கன், இரண்டு முறை பட்டர் டீ.

முதல் வாரத்து 4 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடல் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவம் கிளைக்கோஜன்; அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து கரையும். அந்த வேகத்தை அளவுகோலாக வைத்தால் எல்லா வாரமும் ஏமாற்றம்தான்.

இப்போதைய தேக்கம் பாதாமில். நூறு பாதாம் ஏறத்தாழ 700 கலோரி. பட்டர் டீ ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து 200. ஆரம்பத்தில் பசியை அடக்க இது உதவியிருக்கும். எடை இறங்கியபின் உடலுக்குத் தேவையும் இறங்கிவிட்டது. பாதாமை 30 ஆக்குங்கள், பட்டர் டீயை நிறுத்துங்கள், கீரை, முட்டைக்கோஸ், சுரைக்காய் கூட்டுங்கள். மூன்று வாரத்தில் நகரும். கூடவே கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். சிலருக்கு இந்த முறையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு கடுமையாக ஏறும்; ஏறினால் வெண்ணெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்தும் இறங்காவிட்டால் இந்த டயட் உங்களுக்கில்லை.

கேள்வி: அரிசிக்குப் பதில் சாமை, வரகு சாப்பிட்டால் எடை குறையுமா?

அதே அளவு சாப்பிட்டால் குறையாது. சமைக்காத 100 கிராமுக்கு அரிசியிலும் இவற்றிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் சிலருக்குச் சீக்கிரம் வயிறு நிறையும், அவ்வளவே. பிடித்தால் சாப்பிடுங்கள்.

கேள்வி: 26 வயது, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), 78 கிலோ. கீட்டோதான் (மாவுச்சத்தை மிகக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் உணவு) ஒரே வழி என்கிறார்கள்.

இல்லை. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கென்று மற்றவற்றை விட மேலான டயட் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. எடையில் 5 சதவீதம், அதாவது உங்களுக்கு 4 கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும். மாலையில் இனிப்பு தேடுகிறீர்கள் என்றால் காலை உணவில் 20 கிராம் புரதம் வையுங்கள்: மூன்று முட்டை, அல்லது மூன்று பெசரட்டுடன் (பச்சைப்பயறு தோசை) ஒரு கிண்ணம் தயிர். கர்ப்பத்துக்கு முயல்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். 16 மணி நேர விரதம் இருக்கலாமா?

விரதமும் வேண்டாம், கீட்டோவும் வேண்டாம். பால் கொடுக்கும்போது மாவுச்சத்தை அறவே நிறுத்தியவர்களுக்குக் கீட்டோன் அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்த நிகழ்வுகள் உண்டு. நாளைக்கு 1800 கலோரிக்குக் கீழே போகாமல், பிரசவத்துக்குப் பின் தரும் நெய் லட்டையும் கூடுதல் நெய்யையும் மட்டும் நிறுத்துங்கள். பலருக்கு அதுவே போதும்.

கேள்வி: மகனுக்கு 13 வயது, 70 கிலோ. எனக்குக் கொடுத்த டயட் சார்ட்டையே கொடுக்கலாமா?

கூடாது. வளரும் வயதில் பெரியவர் சார்ட் பொருந்தாது. பாட்டில் ஜூஸ், கூல்டிரிங்க், ஹெல்த் டிரிங்க் பொடி மூன்றையும் வீட்டுக்குள் வாங்காதீர்கள், செல்போன் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதை நிறுத்துங்கள். உயரம் ஏற ஏற எடை அப்படியே நின்றாலே பாதி வேலை முடிந்தது. குழந்தை மருத்துவரிடம் சுகரும் கல்லீரலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கழுத்துக்குப் பின்னால் தோல் கறுத்து வெல்வெட் போல இருந்தால் தள்ளிப் போட வேண்டாம்.